பெல்ட் போட்ட வத்தகப்பழம்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இடிபட்ட அவர்களுடைய கார் திருத்த கராஜில் நின்றதாம்.

“வத்தகப்பழத்துக்கே ஒண்டும் நடக்கேல்லை. காரில வைக்கிற பிள்ளையின்ர சீட்டுக்கு என்ன நடந்திருக்கும்?” என்றார் கணவர், பஸ்ஸுக்கே கேட்க. தர்பூசணியைத்தான் சொன்னார்.

“பிள்ளையின்ர சீட்டில பழத்தை இருத்தி பெல்ட் போட்டது ஆர்?”

“உருண்டு போகாமல் நான்தான் போட்டனான். பிள்ளை அப்ப நேசரிப் பள்ளியில தானே. ஓட்டோக்காரன் பின்னால மெல்லத்தான் இடிச்சவன். பழத்தில ஒரு கீறலும் இல்லை. சீட்டிலயும் இல்லை. உமக்கு ஏன் இப்ப புதுச் சீட்டு?”

“வீட்டை வந்து வெட்டேக்கை பாத்தனீங்கள்தானே. உள்ளுக்கை எப்பிடிக் கிடந்தது?”

அவர் குரல் இறங்கியது. “வெடிச்சுக் கூழாய்க் கிடந்தது.”

“பழத்தை வெட்டிப் பாத்தம். சீட்டை எப்பிடியப்பா வெட்டிப் பாக்கிறது?”