வெள்ளிக்கிழமைப் படையல்

நீளக் கம்பு என்று ஒன்று வீட்டில் இருந்தால் அதை எங்கேயாவது சாத்தித்தான் வைக்க வேண்டும். ரம்புத்தான் பறிக்கிற எங்கள் கம்பு வீட்டுக்குள் அடங்காது. பின்னால் இருக்கிற ரப்பர் காட்டில் ஒரு மரத்தில் சாத்தினேன். ஏன் அந்த மரம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது, பால்வெட்டு நின்று காடாகிப்போன பழைய தோட்டம். அங்கே ஒரு மரப்பொந்தில் முராய்க் குருவி ஜோடி ஒன்று கூடு கட்டியது. அதன் பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைக்க அலைகிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரர் சுகுமாரனுக்கு அந்த ஆசை இல்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். தஞ்சோங் கிளிங்கில் ஹோட்டல் வாசலைக் காவல் காக்கிற ஜாகா வேலை முடிந்து மோட்டாரை நிறுத்தியதும், சட்டைகூட மாற்றாமல் காட்டுக்குப் போய்விடுவார். நான் போட்ட தேத்தண்ணி ஆறிப்போகும். குருவி விசிலடிக்கும், இவர் பதிலுக்கு விசிலடிப்பார். என்னிடம் பேசுவதெல்லாம் உப்பு கம்மி, கேஸ் முடிந்துவிட்டதா என்கிற அளவில்தான்.

"மலரு, அம்மாக்காரி பொந்த விட்டு நகரவே மாட்டேங்குது. பொறுமைன்னா அதுகிட்டதான் கத்துக்கணும் லா" என்றார் ஒருநாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில் என்று அலைந்து ஓய்ந்தவர்கள் நாங்கள். குஞ்சுகள் கண் திறந்த அன்று ஓடிவந்து, "நம்ம பிள்ளைங்க கண்ணு முழிச்சிருச்சுங்க" என்றார். நான் பெற்றுத் தராததை ஒரு குருவி பெற்றுத் தந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

அந்தக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு விருந்து. அவை ஏறாமலிருக்க மரத்தைச் சுற்றித் தகரத் தகடு அடித்திருந்தார். நல்ல வேலைப்பாடு, எந்த எலியும் அதைத் தாண்ட முடியாது.

காட்டோரத்தில் முனியாண்டிக்குச் சிவப்புத் துணி கட்டிய கல் ஒன்று உண்டு. வெள்ளிதோறும் பொரி, வாழைப்பழம், அவித்த முட்டை படைப்பேன். குஞ்சு பொரித்த பிறகு படையலைக் கல்லடியிலிருந்து அந்த மரத்தடிக்கு மாற்றினேன். வெள்ளி மட்டும் போதாதென்று தினமும் வைத்தேன். கருவாடும் சேர்த்துக்கொண்டேன். எலிகள் முதலில் பயந்து பயந்து வந்தன. பிறகு என் காலடிச் சத்தம் கேட்டாலே வந்து காத்திருந்தன. அவருக்கு என் பக்தி பிடித்திருந்தது.

"பிள்ளைங்களுக்காக வேண்டிக்கிறியா மலரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, பறக்கிற காலம் நெருங்கியபோது படையலை நிறுத்தினேன். பழகிய எலிகள் பசியோடு மரத்தடியையே சுற்றின. தகடு வழுக்கியது. அப்போதுதான் கம்பைச் சாத்தினேன், நுனி தகட்டுக்கு மேலே, பொந்துக்குக் கொஞ்சம் கீழே படுகிற மாதிரி. நான் செய்தது அவ்வளவுதான். ஏறியவை எலிகள்.

மறுநாள் அவர் மரத்தடியில் இறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். தாயின் நீள வால் இறகும் அதில் இருந்தது. கடைசிவரை அது பொந்தை விட்டு நகரவில்லை போலிருக்கிறது. அப்புறம்தான் கம்பைப் பார்த்தார்.

"நாந்தான் நெனப்பில்லாம சாத்திட்டேன் போல. என் கையாலயே கொன்னுட்டேன் மலரு."

நான் மறுத்துப் பேசவில்லை. அழுகிற மனிதரிடம் என்ன வாதம். என் மடியில் தலை வைத்து அழுதார். கல்யாணமான புதிதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தத் தலை என் மடிக்கு வந்தது.

அதன்பின் அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. வீட்டில் மூலைக்கு மூலை எலிப்பொறி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சுதான் இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

இப்போது அவர் தங்கை மோகனா பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். அம்மா இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. நேற்று தொட்டிலுக்காக உத்தரத்தில் கொக்கி மாட்டினார். மாட்டும்போது விசிலடித்தார், அதே மெட்டு.

"நம்ம பிள்ளை வரப்போவுது மலரு" என்றார்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பொறிகளையெல்லாம் நானே எடுத்து ஒதுக்கிவிட்டேன். பச்சைக் குழந்தை இருக்கப்போகிற வீட்டில் அவை ஆபத்து. காட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். இந்த வெள்ளியிலிருந்து படையலை வீட்டுக்குள்ளேயே, அந்தக் கொக்கிக்குக் கீழே வைக்கிறேன்.