வலத்தோள் பக்கமாக

லொங்குய்ய் நகருக்குப் போகும் மெட்ரோ ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"நான் ஒராளோட முட்டினதாலை ஸ்கொட்லாந்து டான்ஸ் வகுப்பிலை ஆடுற முறை எழுதின தாளையே மாத்திப்போட்டினம், அக்கா," என்றாள் இளையவள்.

"என்னடி கதைக்கிறாய்?"

"முந்தி 'எதிரிலை வாறவரைக் கடந்து போங்கோ' எண்டு மட்டும்தான் இருந்தது. நான் இடத்தோள் பக்கமாப் போய் முட்டிப்போட்டன். வெக்கத்திலை இனி வகுப்புக்குப் போறேல்லை எண்டு நினைச்சன். ஆனா ரீச்சர் எல்லாரையும் விசாரிச்சா. பழைய ஆக்களே ஆளுக்கொரு பக்கத்தாலை போறவையாம்! இப்ப 'வலத்தோள் பக்கமாக' எண்டு சேர்த்து எழுதியிருக்கினம்."

அவள் நீட்டிய தாளை மூத்தவள் நிதானமாக வாசித்தாள். பிறகு தன் கனத்த பனிச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"இதோட ஆடேலாது, என்ன?"

"ஏலாது. மெல்லிய சப்பாத்து வேணும்."

"வாற கிழமை எத்தினை மணிக்கு?"