ஞாயிறு மாலை ஆறு மணி

பொங்கலுக்கு முந்தின வாரம் பெருங்களத்தூரில் மனிதன் ரோட்டைக் கடக்க முடியாது சார். ஊருக்குப் போகிற ஜனம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் வடக்கே போகிற ரயிலைப் பிடிக்கப் போவேன். “எல்லாரும் சொந்த ஊருக்குப் போறாங்க, நீங்க ஒண்ணுமே இல்லாத ஊருக்குப் போறீங்க” என்று என் மனைவி ரோஸி சிரிப்பாள்.

முப்பத்தைந்து வருடம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தேன். காது முழுக்க இரும்புச் சத்தம். இலவசப் பாஸ் இருக்கிறதே என்று இருபத்தேழு வயதில் ஜெய்சல்மேருக்குப் போனேன். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஓர் ஒட்டகக்காரரோடு இரண்டு நாள் பாலைவனத்துக்குள்ளே நடந்தேன். மணல்மேட்டில் உட்கார்ந்தபோது என் மூச்சு எனக்கே கேட்டது. அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை. அதன்பிறகு, நெஞ்சுவலி வரும்வரை, ஒரு ஜனவரியைக்கூட விட்டதில்லை.

சாஜித்தை அங்கே கூட்டிப்போனவன் நான்தான். கோவிலம்பாக்கத்தில் ஸ்க்ரீன் துணிக் கடை வைத்திருந்தான். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தவன், டேப்பைப் பிடித்தபடியே சுவரில் இருந்த மணல்மேட்டுப் படத்தைப் பார்த்து, “இது எங்க கீது அண்ணா?” என்றான். அடுத்த ஜனவரியில் காட்டினேன். இருபத்திரண்டு வருடம் சேர்ந்து போனோம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை சார். அவன்தான் இருந்தான்.

அங்கே நடக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனால் போனில் சிக்னல் கிடையாது. அதனால் எந்த வழி, எந்த ராத்திரி எங்கே படுக்கை, எந்த நாள் எத்தனை மணிக்குள் வெளியே வந்து போன் செய்வோம் என்று ஒரு பேப்பரில் எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நேரம் தாண்டினால் பேப்பர் வைத்திருப்பவர் அந்த ஊர் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அடிபட்டால் நடக்கிறவன் எழுதிய வழியைவிட்டு நகரக் கூடாது, அங்கேயே உட்கார வேண்டும். இதெல்லாம் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது.

இரண்டு வருடம் முன்பு எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். சாஜித் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க இல்லாம நான் மட்டும் போவேனா அண்ணா? அந்தப் பேச்சே வேணாம்” என்றான். யாரும் கேட்காமல் அவனாகச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு ஜனவரியை ஓட்டினேன்.

போன ரம்ஜான் முடிந்து மூன்றாம் நாள் பிரியாணி கொண்டுவந்தான். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினான். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஒரு தபா போய்ட்டு வந்துடறேன். அஞ்சு நாள்தான். ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கு உங்களுக்குத்தான் மொத போன்.”

நான் காட்டிய வழி. என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டு, என்னை வழியனுப்புகிற ஆளாக்கிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. “ஏப்ரல்ல வெயில் ஜாஸ்தி, தண்ணி கூட எடுத்துக்கோ” என்று மட்டும் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆறு மணிக்கு போன் வரவில்லை. ஏழு மணிக்கு அவன் மனைவி கைனாத் கூப்பிட்டாள்.

“அண்ணா, அவரு உங்களுக்குப் பண்ணாரா? எனக்கு மனசே சரியில்ல.”

பேப்பர் என் கையில்தான் இருந்தது. “புதன்கிழமன்னு எழுதியிருக்கான்மா” என்றேன். “வந்துடுவான். நீ சாப்பிட்டுப் படு.”

அவள் நம்பினாள். இருபது வருடத்துக்கு மேலாக என்னைத் தெரியும் இல்லையா. போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்து அந்தப் பேப்பரைத் தீயில் காட்டினேன். ரோஸி இட்லிக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தாள், ஏதோ பழைய கரண்ட் பில் என்று நினைத்திருப்பாள்.

திங்களும் செவ்வாயும் வழக்கம்போலப் போனது. புதன்கிழமை கைனாத் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தபோது நானே ஜெய்சல்மேர் போலீசுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். எந்த வழி என்று கேட்டார்கள். அவன் போனது மேற்கே. நான் வடக்கு என்று சொன்னேன். மூன்று நாள் வடக்கே தேடினார்கள். சனிக்கிழமை ஆடு மேய்க்கிற ஒருவர் மேற்கே அவன் உடலைப் பார்த்தார்.

கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பேப்பரை அவன் போனில் படம் எடுத்துவைத்திருந்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். செவ்வாய் வரை உயிர் இருந்திருக்கும் என்று போஸ்ட்மார்ட்டம் டாக்டர் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. ஞாயிறே சொல்லியிருந்தால் திங்கள் காலையில் அவனைத் தூக்கியிருப்பார்கள். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் வார்த்தை தவறியவன் அவன். அதை ஏன் சார் யாருமே கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?

அவன் போனில் கடைசியாகப் பேசிப் பதிவுசெய்துவைத்ததை இப்போது நீங்களே போட்டுக் காட்டினீர்கள். தொண்டை காய்ந்த குரல். “அண்ணா, கால் ஒடஞ்சிடுச்சி. பேப்பர்ல எழுதின எடத்துலயேதான் குந்திகினு கீறேன், நகரல. நீங்க ஆள் அனுப்பிடுவீங்கன்னு தெரியும். ஆனா பதறிக்கினு நீங்களே கெளம்பி வந்துடாதீங்கண்ணா. உங்க ஒடம்பு தாங்காது.”

கேட்டீர்களா சார்? சாகப்போகிற நேரத்திலும் என்னை வர வேண்டாம் என்றுதான் சொல்கிறான்.