கந்தம்மாள் அக்காவின் வழக்கை நான் பேசுகிறேன்

விழாத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் தமிழரசு அவர்களே! வலப்பக்கம் வீற்றிருக்கும், ஊரின் மேற்கு வளவுக் குடியிருப்புப் பெரியோர்களே! இடப்பக்கம் வீற்றிருக்கும் கிழக்கு வளவுத் தாய்மார்களே! நடுவில் உட்கார ஆளின்றிக் காத்துக் கிடக்கும் நாற்காலிகளே! முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சமாதானத்தைப் பாடமாய்ச் சொல்லி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் சரிதா டீச்சர் அவர்களே! மேற்கு வளவுத் தீர்த்தகிரியின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆறு ஆண்டுகளில் இரு வளவும் சேர்ந்து சிரிப்பது இதுதான் முதல் தடவை.

வாழப்பாடியில் தொடங்கி எடப்பாடி வரை எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள்! சண்டையிட்டு வந்த பிள்ளைகளை என்ன செய்தார் இவர்? பிரம்பெடுத்தாரா? பெற்றோரை அழைத்தாரா? ஒன்றே ஒன்று சொன்னார்: "உன் நியாயம் அப்புறம். மொதல்ல அவ நியாயத்த நீ பேசு. அவ சரின்னு சொல்ற வரைக்கும் பேசு."

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகள் பிரவீனாவின் நோட்டைக் கிழக்கு வளவுக் கந்தம்மாள் அக்காவின் மகள் சுகன்யா கிழித்துவிட்டாள். வரிந்து கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்னை நிற்க வைத்துவிட்டு என் மகளைப் பேசச் சொன்னார்.

"நான் சுகன்யாங்க டீச்சர்" என்று தொடங்கினாள் பிரவீனா. "கோடையில பிரவீனா அப்பா ஏரி மதகை மூடிட்டாருங்க. எங்க மரவள்ளிக் காடு காஞ்சுபோச்சுங்க. அந்தக் கோவத்துல இவ நோட்டைக் கிழிச்சுட்டேனுங்க."

சுகன்யா விம்மிக்கொண்டே, "சரிதானுங்க" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளை! பஞ்சாயத்தில் பத்துப் பேரை மடக்கும் நான் அன்று பைக்குள் வண்டிச் சாவியைத் தேடினேன். டீச்சர் என் பக்கம் திரும்பி, "இனி உங்க முறைங்க" என்றார். நான் என்ன செய்தேன்? வண்டியை முறுக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு டீச்சர் ஒருநாளும் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வணக்கம் மட்டும் வைத்தார். அடேயப்பா, அந்தப் பொறுமைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!

ஏரித் தண்ணீர்த் தகராறில் ஆறு ஆண்டுகளாக நம் மாரியம்மனுக்குப் பூச்சாட்டும் இல்லை, திருவிழாவும் இல்லை. எழுதி வந்த உரையை மடித்துப் பைக்குள் வைக்கிறேன். தலைவரே, மணியைத் தொடாதீர்கள். இது நாலு வருசம் பிந்திய வீட்டுப்பாடம்.

"நான் கந்தம்மாளுங்க. ஒண்டியாளா நின்னு ரண்டு ஏக்கர் மரவள்ளி வெச்சேன். ஏரித் தண்ணி ரண்டு வளவுக்கும் பொது. ஒரு வார்த்தை கேக்காம தீர்த்தகிரி மதகை மூடிட்டாரு. கெழங்கு வெரலு தண்டிகூட எறங்கல."

அக்கா, சரிதானுங்களா? என்னங்க, இல்லையா? அங்கிருந்தே சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? "காடு காஞ்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் சாமி. நாயங் கேக்க வந்தப்ப, யாரு நீன்னு கேட்டியே" என்கிறார்.

ஆமாங்க, கேட்டேன். என் கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிய அக்காவை, யார் என்று கேட்டேன். மறக்கவில்லை; இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தேன். இதோ, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்: "நான் கந்தம்மாளுங்க. நாயங் கேக்கப் போன என்னை, யாருன்னு கேட்டுட்டாருங்க."

இப்போது சரிதானுங்களா, அக்கா?

தலையாட்டுகிறார். அழுகிறார். எனக்கும் கண் மறைக்கிறது. தப்பு என்னுதுங்க அக்கா.

டீச்சர், பாடம் ஒப்பித்துவிட்டேன். இனி அக்காவின் முறை. என் பக்கம் துளி நியாயம் மிச்சமிருந்தால் அதை அவரே பேசட்டும்; இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும். நடுவால வாங்க அக்கா. ஒலிவாங்கியை உங்களிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் எழுந்து வந்த நாற்காலியில் போய் உட்காருகிறேன்.

டீச்சருக்கு நன்றி. இரண்டு வளவுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லித் தொடங்கினேன். நம் ஊருக்கு வணக்கம்.