கப்டனுக்குக் கொட்டின பனி

– என்ர மாதாவே! ஆர் அத்தான் இந்த ஐஸ் முழுக்கக் குசினிக்குப் பின்னால கொட்டினது?

– நான்தான்.

– நீங்களோ? என்னத்துக்கு? அன்ரனிதாஸ் குறிகட்டுவான் துறையில நிண்டு, வள்ளத்துக்காரனோட பிடுங்குப்பட்டு ஏத்திக்கொண்டு வந்த ஐஸ். நாளை விடியுமட்டும் அக்காவைச் சுத்தி வைக்கிறதுக்கு வந்தது. இப்ப நாயெல்லோ அதுக்க படுத்திருக்குது!

– படுக்கட்டும், பிலோமினா.

– கூடப் பிறந்தவள் உள்ள சவப்பெட்டிக்க கிடக்கிறா, நாய் இஞ்ச உருண்டு விளையாடுது. மீன் வாடியை விட்டு ஐஸ் ஒரு வீட்டுப் படலைக்குள்ள வாறதெண்டால் பிரேதத்துக்குத்தான் வரும். நாய்க்கு ஐஸ் வாங்கின வீடு இந்த நெடுந்தீவில எங்கயாவது கிடக்குதே? பெண்சாதி செத்ததோட குருசுமுத்துவுக்கு மண்டை பிழைச்சுப்போச்செண்டு சனம் கதைக்கப்போகுது.

– கதைக்கட்டும். நீ மெல்லக் கதை. பந்தலுக்க கேக்கும்.

– ஏய், கப்டன்! எழும்பு சனியன்! எழும்படா!

– விடு பிள்ளை. ரண்டு நாளா அது பெட்டிக்குக் கீழதான் கிடந்தது. சோறு வைச்சன், மணந்துகூடப் பாக்கேல்லை. இதுவும் செத்த கொக்காவுக்குப் பின்னால போட்டுதோ எண்டு காலால தட்டிப் பாத்தனான். ஐஸ் கொட்டுண்ட சத்தத்துக்குத்தான் எழும்பி வந்தது. முதல் நக்கிப் பாத்துது. பிறகு ஒரு காலை வைச்சு, திடுக்கிட்டு எடுத்துது. பிறகு என்ன நினைச்சுதோ, அப்பிடியே விழுந்து முதுகைத் தேய்க்குது.

– பின்னங்கால் இழுக்கிற நாய்.

– ஓம். ஒரு கண்ணும் வெள்ளை. பார், இப்ப பாயுது. வாலாட்ட மறந்துபோச்செண்டெல்லோ நினைச்சிருந்தனான்.

– நீங்களும் நிண்டு வேடிக்கை பாக்கிறியள்.

– பாக்கிறன். எனக்கு ஒண்டும் வருகுதில்லை, பிலோமினா. அழுகையும் வருகுதில்லை. ஐஸை ரண்டு கையாலயும் அள்ளினனான், குளிரேல்லை. கைதான் விறைச்சுப்போச்சாக்கும் எண்டு குசினிக்க போய் கேத்திலைத் தொட்டனான். சூடும் தெரியேல்லை. அங்க சனம் வந்து கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போகுதுகள், ஆரோ ஒருத்தன்ர கையைப் பிடிக்கிற மாதிரித்தான் கிடக்குது. இந்த நாய்க்கெண்டாலும் குளிருதெல்லோ. அதுதான் விட்டனான்.

– சரி, அத்தான். உங்கட நிலைமை எனக்கு விளங்குது. எனக்கு மட்டும் வேறையோ? ஆனால் நாளைக்குக் கனடாவால பிள்ளை வந்து இறங்கேக்க அக்கா எந்த முகத்தோட இருக்கப்போறா? இந்தப் பங்குனி வெக்கைக்கு ஐஸ் இல்லாமல் இன்னொரு இரவு தாங்குமோ?

– தாங்காது. அதுதான் இண்டைக்கே எடுப்பம். சுவாமிக்குச் சொல்லிப்போட்டன். பின்னேரம் பூசை, முடியச் சேமக்காலையில அடக்கம்.

– என்ன சொல்லுறியள்! மேர்வின் வரமுந்தியோ?

– அங்க ஸ்நோ கொட்டுது. பிளேன் எழும்பாது.

– நேற்றும் இதுதான் சொன்னியள். ஸ்நோ எண்டால் ஒரு நாளைக்கு எழும்பாது, மற்ற நாள் எழும்பும்தானே? சொந்தப் பெத்த தாய், அத்தான். ஒரே ஒரு பிள்ளை. தலைமாட்டில நிண்டு, ஒரு பிடி மண் அவன்ர கையால விழவேண்டாமே?

– விழவேணும். ஆனால் ஏலாது.

– எனக்கு உங்களை விளங்கேல்லை. யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஊசி போட்டு வைப்பம் எண்டு எல்லாரும் சொன்னவை. அவ உயிரோட இருக்கேக்கயே கடலுக்குப் பயந்தவ, செத்த பிறகு கடல் தாண்டிக் கொண்டுபோகாதேங்கோ எண்டியள். சரி எண்டனான். பேஸ்புக்கில படம் போடாதேங்கோ, பிள்ளை வழியில கண்டு இடிஞ்சுபோவான் எண்டியள். அதுக்கும் சரி எண்டு, இந்த நோகிற காலோட வீடு வீடாப் போய்ச் சொன்னனான். இப்ப அவன் வரமுந்தித் தாட்டுப்போடுவம் எண்டுறியள். நாளைக்கு அவன் படலையைத் திறந்துகொண்டு வந்து, சித்தி, அம்மா எங்க எண்டு கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது? இந்த நாயையோ?

– கேக்கமாட்டான்.

– ஏன் கேக்கமாட்டான்? ஆ, உங்கட போன் அடிக்குது. பாருங்கோ, பாருங்கோ, அவன்ர படம்தான் விழுது! கொழும்பில இறங்கிட்டான்! எடுங்கோ அத்தான்!

– பொறு.

– ஏன் பொறுக்கிறது? தாங்கோ, நான் எடுக்கிறன்.

– பொறு எண்டுறன். பிலோமினா, இதைக் கேள். அவன் பிளேனில இல்லை. கனடாவில அவன்ர அறைக்க நிக்கிறான். தாய் செத்தது அவனுக்குத் தெரியாது.

– என்ன?

– நான் சொல்லேல்லை.

– அத்தான்! நீங்கள் மனிசனே? ரண்டு நாளா நான் அந்தப் படலையை எல்லோ பாத்துக்கொண்டிருக்கிறன்!

– கொக்காதான் சொல்லவேண்டாம் எண்டவ. கடைசியா மூச்சு இழுக்கேக்க, செபமாலையை என்ர கைக்க திணிச்சுச் சத்தியம் வாங்கினவ. வாற கிழமை அவன்ர அகதி வழக்கு விசாரிக்கினம். இப்ப அங்கால வெளிக்கிட்டால் பிறகு உள்ள விடமாட்டினம். இவ்வளவு வருசம் அந்தக் குளிருக்க அவன் பட்டதெல்லாம் வீணாப்போம். கேட்டானெண்டால் நில்லான், ஓடி வருவான், வழக்கு முடியுமட்டும் என்னைச் சாகவிடாதேங்கோ எண்டு சொன்னவ. அப்பிடித்தான் சொன்னவ. சனத்துக்கு நான் வேற என்னத்தைச் சொல்லுறது? பிளேன் எழும்பேல்லை எண்டனான்.

– அடிச்சு நிண்டுபோச்சு.

– திரும்ப எடுப்பான். தாயோட கதைக்காமல் படுக்கமாட்டான். நேற்றுக் கோயிலுக்குப் போட்டா எண்டு சமாளிச்சனான்.

– ஐயோ என்ர பிள்ளை. ஐயோ என்ர ராசா. என்னெண்டு அத்தான் உங்களுக்கு வாய் வந்தது?

– சொன்னனே, எனக்கு ஒண்டும் தெரியுதில்லை எண்டு. தெரிஞ்சிருந்தால் வாய் வந்திராது. அந்தா, திரும்ப அடிக்குது. குசினிக் கதவைச் சாத்து, செபம் கேக்கும். அழுறதெண்டால் உள்ள போ.

– நான் அழேல்லை. நிக்கிறன். எடுங்கோ.

– ஹலோ, தம்பி.

– ஐயா! ஏன் எடுக்கிறியள் இல்லை? இப்பதான் வேலையால வந்தனான். இஞ்ச பாருங்கோ, யன்னலுக்கால தெரியுதோ? இரவு முழுக்க ஸ்நோ. கார் ஒண்டையும் காணேல்லை, எல்லாம் மூடிப்போச்சு.

– ஓம் தம்பி, தெரியுது. நல்ல வெள்ளையாக் கிடக்குது. சாப்பிட்டனியே?

– இனித்தான். அம்மா எங்க?

– கொம்மா உள்ள படுத்திருக்கிறா.

– இந்த நேரத்திலயோ?

– தலையிடி எண்டவ. நீ முதல் இதைப் பார். உன்ர கப்டனைப் பார்.

– ஐயோ, கப்டன்! என்னதிது, ஐஸுக்க! அங்க பாருங்கோ, கடிக்குது, கடிக்குது! டேய் கிழவா! கப்டன்!

– உன்ர குரலுக்குக் காதை நிமித்துது பார்.

– உனக்கும் ஸ்நோ விழுந்திட்டுதேடா? நான் இஞ்ச அள்ளி அள்ளி நாரி நோகுது, நீ உருண்டு விளையாடுறாய். பக்கத்தில ஆர், சித்தியே? சித்தி, பாத்தியளே, குட்டி மாதிரிப் பாயுது!

– ஓம் ராசா. பாயுது.

– மீன்பெட்டிக்க வைச்சு நான் கொண்டுவரேக்க உள்ளங்கையளவு. அம்மா ஏசின ஏச்சு! பிறகு நனையவிடமாட்டா, சாக்கால துடைக்கிறவ. இதைக் கண்டவவோ, ஐயா?

– கண்டவ.

– சிரிச்சிருப்பா.

– ஓம்.

– அங்கால என்ன சத்தம்? கன சனம் செபம் சொல்லுறமாதிரி.

– தவக்காலம் எல்லோ. சிலுவைப்பாதை போகுது, றோட்டால.

– ஓ. இவ்வளவு ஐஸ் எங்கால?

– அன்ரனிதாஸ் கொண்டுவந்தவன். மீன் படேல்லை, சும்மா கரைஞ்சுபோகுதெண்டு தந்தவன்.

– வாடிக்கு வந்த ஐஸோ?

– ஓம்.

– வாடிக்கு வந்ததை எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்தவரோ?

– ஓமெண்டுறன். கப்டனைப் பார் தம்பி. மூக்கை உள்ள தாட்டு வைச்சுக்கொண்டு தும்முது பார்.

– பாக்கிறன்.

– இப்பிடி நான் இதை ஒரு நாளும் கண்டதில்லை. நீயும் கண்டிருக்கமாட்டாய். பின்னங்காலை நீட்டிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வடிவாப் படுத்திருக்குது. தெரியுதோ? கொஞ்சம் கிட்டக் காட்டட்டோ? தம்பி? லைன் வெட்டுப்பட்டிட்டுதோ? பிலோமினா, இதென்ன, படம் அசையுதில்லை. மேர்வின்?

– நிக்கிறன் ஐயா.

– அந்த யன்னலை இன்னொருக்காக் காட்டன். ஸ்நோ இன்னும் விழுதோ?

– ஐயா, பெட்டி மூடமுந்திப் போனை உள்ள கொண்டுபோங்கோ.