நடுவுல எழுந்தா தோத்தது

…ஒயர மாத்தியாச்சு, மோடம் பொட்டிய மாத்தியாச்சு, பொட்டி வெச்ச எடத்தையும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது எங்கூட்டுக்காரர் ஒருத்தர்தாங்க. வாங்கண்ணா, உள்ள வாங்க. அந்த ஏணிய செவுத்துல சாத்திட்டு வாங்க. நீங்கதான அய்யனாரு? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல சொன்னாங்க, பழைய லைன்மேன் பெரணமல்லூருக்கு மாத்தலாயிட்டாரு, இனிமே கொசப்பாளையத்துக்கு அய்யனாருதான்னு. நல்ல பேரு, காவல் தெய்வம் பேரு. இப்ப மணி இன்னா… மூணேகாலா? நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் இந்த இண்டர்நெட்டு ஆடாம நின்னா போதும். அஞ்சுக்கு மேல அது எக்கேடு கெட்டாலும் நான் கேக்க மாட்டேன்.

இன்னாத்துக்கா? கேரம் ஆடறதுக்கு.

சிரிங்க, பரவால்ல. எக்ஸ்சேஞ்சுல கம்ப்ளெயிண்டு எழுதற கற்பகம் மேடமும் இப்டித்தான் சிரிச்சாங்க. பேரன் ஆடறானாம்மான்னு கேட்டாங்க. பேரன் இன்னும் நடக்கவே இல்ல மேடம், ஆடறது நாந்தான், சாயப்பட்டற குணசுந்தரின்னு எழுதிக்கங்கன்னு சொன்னேன். நாப்பத்தொம்போது வயசுல ஒருத்தி கம்ப்யூட்டர்ல கேரம் ஆடினா இன்னாங்க தப்பு? எதிர்ல ஆடறது யாரு, எம்பொண்ணு ஹேமலதா. மஸ்கட்ல கீறா. அங்க வெள்ளிக்கிழம லீவு. நமக்கு நாலு மணின்னா அவளுக்கு ரெண்டர. கொழந்தைய தூங்க வெச்சிட்டு வந்து குந்துவா.

போன்ல பேசிக்க வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அங்கதாங்க பேஜாரு. தீபாவளிக்கு வரேன்னு சொன்னா. நானும் அவளுக்குன்னு ஒரு பொடவைக்கு தனியா சாயம் போட்டு, நெய்யக் குடுத்து, மடிச்சி வெச்சிட்டேன். நாலு நாள் இருக்கசொல்ல லீவு இல்லம்மான்றா. வந்துச்சு பாருங்க கோவம்… வரலன்னா இனிமே எனக்கு போனே பண்ணாதடின்னு சொல்லி வெச்சிட்டேன். ஒரு பேச்சுக்கு சொல்றதுதான அது? உங்க வூட்ல சொல்ல மாட்டாங்களா? அவ பண்ணவே இல்லங்க. ஒன்ற மாசம் முழுசா. நான் மட்டும் பண்ணுவனா? சொன்னவ நானாச்சே. ஆனா வெள்ளிக்கிழம நாலு மணிக்கு மட்டும் டாண்ணு கேரமுக்கு வந்துடறா. போன் பண்ணாதன்னுதான சொன்ன, ஆடாதன்னு சொல்லலயேன்னு கேக்கற ரகம். என் வயித்துல பொறந்தது பின்ன எப்டி இருக்கும்?

இருங்க, பொட்டியில அந்த லைட்ட பாருங்க. பாத்தீங்களா? ரெண்டாவது பச்ச லைட்டு கண்ணடிக்குது. காலையில இருந்து நல்ல புள்ளையா நின்னுகினு இருந்துச்சு. வெள்ளிக்கிழம மூணு மணி ஆனா போதும், இதுக்கு சாமி வந்துடும்.

எக்ஸ்சேஞ்சுல கேட்டா மழையில ஜாயிண்டு நனைஞ்சிருக்கும்ன்றாங்க. நல்லா கேளுங்க. ஐப்பசி மழ கொட்டு கொட்டுன்னு கொட்டறசொல்ல இது ஜம்முனு ஓடுச்சு. மழ நின்னு மூணு வாரமாவுது, இந்த மூணு வாரமாத்தான் புட்டுக்குது. வெயிலடிச்சா கட்டாவற இண்டர்நெட்டு ஆரணியிலயே எங்கூட்டுது ஒண்ணுதாங்க.

நான் சும்மா இருந்தன்னு நெனைக்காதீங்க. ஒயரே இல்லாம காத்துல வர்றது வேணாம், நேரா ஒயர்ல குடுத்தாதான் ஆட்டம் தெணறாதுன்னு கம்ப்யூட்டர் கடைக்காரன் சொன்னான். குடுத்தாச்சு. பொட்டி சூடாவக் கூடாதுன்னான். அதுக்குன்னு ஒரு மேஜ பேனு. எங்கூட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து கெடக்கறாரு, பொட்டிக்கு காத்து வீசுது. கரண்டு போனா? தெனம் ரெண்டு மணி நேரம் புடுங்கறானே. அதுக்கு ஒரு பேட்டரி. நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் மிக்சி கெடையாது, கிரைண்டர் கெடையாது, அவர் செல்போன கூட தெருவுல நின்னுதான் பேசணும். அந்த மனுஷன் அதுக்கும் தெருவுலயே போய் நிக்கிறாரு. பொண்ணு வரணும்னு அவருக்கும் இருக்குது, வாய தொறந்து சொல்ல மாட்டாரு.

பக்கத்து வூட்டு ஜெயவேலுகிட்ட வேற சண்ட போட்டேன். அவர் பவர்லூம் நம்ம செவுத்துக்கு அந்தப் பக்கம்தான ஓடுது. உன் மோட்டாருதான்யா எங்கூட்டு லைன கெடுக்குது, கைத்தறி ஊர்ல மிஷின கொண்டாந்து வெச்சிட்டு உறவையும் அறுக்கறியேன்னு தெருவுல நின்னு கேட்டுட்டேன். பாவம், அவர் வெள்ளிக்கிழம நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் தறிய நிறுத்தி வெக்கிறாரு. போன வாரம் அவர் நிறுத்தியும் கட்டாச்சு. அப்பவும் என் மனசு கேக்கல. ஓடின சூடு இன்னும் ஆறலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆட்டம் நடுவுல கட்டானா இன்னா, மறுபடி ஆட வேண்டியதுதானன்னு பாக்கறீங்க. அதுதாங்க முடியாது. எங்கூட்ல ஒரு சட்டம் கீது. இவ ஸ்கூல் படிக்கறசொல்ல, தோக்கப்போறா மாதிரி இருந்தா தண்ணி குடிக்கறேன், பூனைய தொரத்தறேன்னு எழுந்து ஓடிடுவா. அத்தொட்டு நான் போட்ட சட்டம், நடுவுல எழுந்தா தோத்தது. காலு மரத்துப் போவட்டும், கொழம்பு தீஞ்சு போவட்டும், எழுந்தா தோத்தது. இப்ப அத எனக்கே திருப்பறா. இங்க லைன் கட்டானா அவளுக்கு அங்க நான் எழுந்து போனா மாதிரிதான் தெரியுது.

மொத வாரம், கிளிப்பச்ச போட்ட வாரம்… எனக்கு தேதி நெனப்பிருக்காதுங்க, அன்னிக்கு போட்ட கலர்தான் நெனப்பிருக்கும். கிளிப்பச்ச வாரம் நான் ரெட்ட போட்டுட்டேன், கூட ஒரு காய் போட்டா ரெட்டு என்னுது. கட்டு. அடுத்தது மாம்பழ மஞ்ச வாரம், நாலு காய் பாக்கி. கட்டு. போன வாரம் அரக்கு. ஆட்டமே சூடு புடிக்கல, கட்டு. திரும்ப லைன் வர்றசொல்ல ஆட்டத்துக்குப் பக்கத்துல அந்த எழுதற கட்டத்துல எழுதி வெச்சிருக்கா, அம்மா எழுந்துட்டா, தோத்துட்டான்னு. கீழ இன்னொண்ணு. அடுத்த வாரம்தான் கடசி ஆட்டம், நீ ஜெயிச்சா பொங்கலுக்கு வரேன், நடுவுல எழுந்தா இனிமே ஆட்டமும் கெடையாதுன்னு.

அந்த அடுத்த வாரம்தாங்க இன்னிக்கு. போன்தான் இல்லன்னு ஆயிடுச்சு. ஆட்டமும் இல்லன்னா நான் எதப் புடிச்சிகினு இருக்கறது, சொல்லுங்க.

மாடிக்கா? மாடியில இன்னா கீது? லைன் வாசல் பக்கமாத்தான வருது. இப்ப இல்லியா? முன்ன அப்டித்தான் வந்துச்சு. ரோடு போடறசொல்ல போஸ்ட்டு கம்பத்த மாத்தினாங்க, அன்னிக்கு நான் பட்டறையில அண்டாகிட்ட நின்னுகினு இருந்தேன், ஒயர எது வழியா இழுத்தாங்கன்னு பாக்கல. சரி, போய் பாருங்க. ஆனா பத்திரம், நூல் காயுது. இன்னிக்கு வாடாமல்லி. ஈரம், சட்டையில பட்டா போவாது.

எப்பவும் பின்னால மூங்கில்லதாங்க போடுவேன். அங்க போட்டா ஆடு வரும், காக்கா வரும், எழுந்து எழுந்து தொரத்தணும். வெள்ளிக்கிழம நான் எழுந்திரிக்க முடியாதே. அதான் மூணு மணிக்கே நூல் கத்தைய சிட்டம் சிட்டமா மேல தூக்கினு போய் போட்டுட்டு, கைய கழுவிகினு நிம்மதியா வந்து குந்திடறது. இரும்புக் கம்பியில போட்டா துரு புடிச்சி பட்டு கெட்டுடும். மாடியில ஒரு கருப்பு ஒயரு குறுக்க போவுது, வழவழன்னு ரப்பரு போட்டது, துருவே கெடையாது. முன்ன கேபிள் டிவிகாரன் வுட்டுட்டுப் போனது. அளவெடுத்து கட்டினா மாதிரி என் ஒயரத்துக்கு கீது…

அண்ணா. மேல கேக்குதா? லைட்டு நின்னுடுச்சு. கண்ணடிக்கல. கல்லாட்டம் நிக்குது. இன்னா பண்ணீங்க? கைராசிக்காரர்தான் நீங்க. எறங்கி வாங்க, பிளாஸ்க்ல காபி வெச்சிருக்கேன்.

இது இன்னாங்க, நூல தோள்ல போட்டுகினு வரீங்க? ஐயோ சட்ட பூரா வாடாமல்லி… கையில இன்னா அது, ஜாயிண்டுல சுத்தின டேப்பா? குடுங்க பாக்கலாம்.

…

இது என் கிளிப்பச்ச. இது மாம்பழ மஞ்ச. இது அரக்கு. மேல ஈரமா இருக்கறது வாடாமல்லி. வரிசையா ஊறி கெடக்குது. அப்ப அது கேபிள் டிவி ஒயரு இல்லீங்களா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கே தெரியுது. ஈர நூலு வெயிட்டுக்கு ஜாயிண்டு இழுத்துகினு, தண்ணி உள்ள எறங்கி… ஆட்டம் கெடக்கூடாதுன்னு நான் செஞ்ச ஏற்பாடுதான் ஆட்டத்த கெடுத்திருக்குது. மழையில மாடியில நூல் போடல, லைன் நல்லா ஓடுச்சு. தறிய நிறுத்தி வெச்சாரே அந்த ஜெயவேலு, அவர் மூஞ்சில எப்டிங்க முழிப்பேன்? அண்ணா, கம்ப்ளெயிண்டு புக்குல இத எழுதாதீங்க. அணில் கடிச்சிச்சுன்னு எழுதுங்க. அந்த கற்பகம் மேடம் படிப்பாங்க.

மணி நாலு. தோ வந்துட்டா. நான் குந்திட்டேங்க, இனிமே எழுந்திரிக்க மாட்டேன். அந்த சிட்டத்த உங்க ஏணி மேல போடுங்க, மூங்கில்தான, துருப்புடிக்காது. காபிய நீங்களே ஊத்திக்கங்க.

மொத அடி என்னுது. ரெண்டு காய். பாத்தீங்களா, லைட்டு ஆடல. அவ ஒண்ணு… நான் ரெட்டு. கூட ஒரு காயும் போட்டாச்சு, மளமளன்னு எறங்கி இப்ப ரெண்டே காய் பாக்கி. அண்ணா, இன்னிக்கு ஜெயிச்சிடுவேன் போல கீதுங்க. ஆனா நெஞ்சுல ஒண்ணு உறுத்துது. அவ எழுதறா, இன்னிக்கு ஏன் எழுந்து ஓடலன்னு. உண்மைய சொல்லிடறதா? சொல்லிடறேன். இங்கிலீசு எழுத்துல தட்டணும், நேரமாவும்… நா… நு… நான்தான்டி. போன் ஒயர்ல நூல் காயப்போட்டேன். நாலு வாரமா.

பதில காணம். காயும் நவுத்தல. சிரிக்கறாளா கோவமான்னு இந்த கம்ப்யூட்டர்ல எப்டிங்க தெரியும்…

போன் அடிக்குது. அண்ணா, கொஞ்சம் அத எடுங்களேன், முன் ரூம்ல. யாராருந்தாலும் அஞ்சு மணிக்கு மேல… அண்ணா? அய்யனார் அண்ணா? காபி அப்டியே கீது. போய்ட்டாரா?

இன்னும் அடிக்குது. இந்த நேரத்துல எனக்கு யாரு… அவளா? நான் எழுந்தா தோத்துடுவேனே. ரெண்டே காய் பாக்கி.

தோத்தா தோத்துட்டுப் போறேன்.

அலோ… ஹேமா? ஹேமா. சிரிச்சது போதும்டி, ஐ எஸ் டி காசு ஓடுது. ஆமா, எழுந்து வந்துட்டேன். தோத்துட்டேன், போதுமா. இன்னாது? நீ எங்க நின்னு பேசற? கொழந்த முழிச்சிக்கும்னு பால்கனிக்கு வந்துட்டியா? அப்ப நீயும் எழுந்துட்ட. ரெண்டு பேரும் தோத்தாச்சு. இதுக்கு சட்டத்துல எடமில்லடி, பொங்கலுக்கு வந்து போர்டுலயே ஆடி முடிவு பண்ணலாம். ஆங்… பொடவ பத்திரமா கீது. லைன்மேனா? என் வாய்க்கு பயந்து ஏணிய வுட்டுட்டே ஓடிட்டாருடி. நூலு இன்னும் அதுமேலதான் காயுது.