பானெட்டுக்குள் வைத்த பொரி

ரெட்டியார்பாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"என் காரைக் கெடுத்தது பொரிதாம்பா."

"பொரியா?"

"ஆக்சிலேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் வண்டி இழுக்கல. அதுக்கு முந்தின நாள் தங்கச்சி வீட்டுக்காரர்தான் ஓட்டினாரு. 'கிளட்ச்சை எரிச்சிட்டீங்க'ன்னு சொந்தக்காரங்க முன்னாடியே கத்திட்டேன்."

"அப்புறம்?"

"மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் தொறந்தா, உள்ள எலிக்கூடு. காத்து போற வழியே அடைச்சிருக்கு. ஆயுதபூஜைக்குப் பானெட்டுக்குள்ள பொரி வச்சவன் நான்தான். எடுக்க மறந்துட்டேன். எலி அதுக்குத்தான் வந்திருக்கு."

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"இப்ப அங்கதான் போறேன்."

"கார்தான் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் பஸ்ல வர்ற?"

அவர் பயணச்சீட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் காரைக் கொண்டுபோய் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவர் வாசல்ல நிறுத்துவேன்?"